அனுமதி மறுக்கப்பட்டது

செல்போன் டவர்களின் கதிர்வீச்சை அளப்பது என் வேலை. இப்படிச் சொன்னால் ஊரில் பாதிப் பேர் என்னை விஞ்ஞானி என்று நினைப்பார்கள், மீதிப் பேர் கம்பெனியின் கைக்கூலி என்று நினைப்பார்கள். நான் இரண்டும் இல்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு, திண்டுக்கல்லில் ஒரு சின்ன ஒப்பந்த நிறுவனத்தில் பத்து வருடத்துக்கும் மேலாகக் காலம் தள்ளுகிறவன். டவர் வைத்திருக்கும் கம்பெனிகள், தங்கள் டவரைச் சுற்றிக் கதிர்வீச்சு அரசு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அவ்வப்போது சான்று கொடுக்க வேண்டும். அந்தச் சான்றுக்கு அளவெடுத்துக் கொடுப்பது எங்கள் நிறுவனம். அளவெடுக்க வெயிலில் அலைவது நான்.

மீட்டர் கைக்குள் அடங்கிவிடும். அதன் தலையில் ஒரு குச்சி, குச்சியின் முனையில் ஒரு பந்து. அதை முக்காலியில் ஆள் உயரத்துக்கு நிறுத்திவிட்டு, தள்ளி நின்று ஆறு நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு நிமிடத்தின் சராசரியைத்தான் எழுத வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது டிவிக்காரர்களின் மைக் மாதிரித் தெரியும். ஒட்டன்சத்திரம் பக்கம் ஒருவர் தலையைச் சீவிக்கொண்டு வந்து பந்துக்கு முன்னால் நின்று, "ஏனுங்க, தக்காளி வெலையப் பத்திப் பேசலாமுங்களா?" என்று கேட்டிருக்கிறார். பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆறு நிமிடமும் பேசினார்.

ஒரு டவருக்கு ஆறேழு இடங்களில் அளப்போம். டவருக்கு நேர் கீழே பெரும்பாலும் ஒன்றும் பெரிதாக இருக்காது. ஆன்டெனா தன் காலடிக்கு அனுப்புவதில்லை, பக்கவாட்டில்தான் அனுப்புகிறது. விளக்கடியில் இருட்டு என்பது இதற்கும் பொருந்தும். முக்கியமாக அளக்க வேண்டிய இடம், ஆன்டெனாவுக்கு எதிரே அதே உயரத்தில் இருக்கும் மொட்டை மாடி. அது யாரோ ஒருவருடைய வீடு. கதவைத் தட்டி, விளக்கம் சொல்லி, செருப்பைக் கழற்றிப் போட்டுப் படியேறிப் போக வேண்டும். போக முடியாவிட்டால் காரணம் எழுத எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. 'வீடு பூட்டியிருந்தது' என்று எழுதினால் இன்னொரு நாள் திரும்பி வர வேண்டும். 'உரிமையாளர் அனுமதி மறுத்தார்' என்று எழுதினால் அந்த வரி அத்துடன் முடிந்தது, ஒருவரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இந்த வித்தியாசம் தெரியும். சித்திரை, வைகாசியில் திண்டுக்கல் மாவட்டத்தில் அனுமதி மறுக்கிறவர்கள் நிறையப் பேர் ஆகிவிடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். தலைமுடி கொட்டினால் டவர், முருங்கை காய்க்காவிட்டால் டவர், மருமகள் கோபித்துக்கொண்டு போனாலும் டவர் என்று சொல்லும் ஜனங்களோடு தினமும் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது. நான் பார்த்த வரையில் அளவுகள் வரம்புக்கு வெகு கீழேதான் இருந்திருக்கின்றன. அதனால் நான் சொல்வது சரி என்ற திமிர் எனக்கு நிறைய இருந்தது. யாராவது சந்தேகம் கேட்டால், அவர்களுக்குப் பதில் சொல்வதைவிட அவர்கள் வாயை அடைப்பதில்தான் குறியாக இருப்பேன்.

பேகம்பூரில் ஒரு சந்துக்குள் அந்த வீடு. எதிரே ஒரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் டவர் நின்றது. அந்த வீட்டுக்காரர்கள் திங்கட்கிழமை குறை கேட்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருந்தார்கள். தங்கள் மாடியில் கதிர்வீச்சு எவ்வளவு என்று அளந்து எழுத்தில் தர வேண்டும், அவ்வளவுதான் மனு. அது கை மாறிக் கை மாறி எங்கள் ஆபீசுக்கு வந்து, என் பைக்குள் விழுந்தது. சித்திரை மாதத்து உச்சி வெயிலில் போய் இறங்கினேன். அதற்குமுன் அன்று காலையிலேயே இரண்டு டவர்களை முடித்திருந்தேன்.

கதவைத் திறந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். அந்தப் பக்கத்துப் பெண்களைப் பாயம்மா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். அவருடைய வீட்டுக்காரர் தோல் கிட்டங்கியில் தோல்களைத் தரம் பிரிக்கிறவர், வேலைக்குப் போயிருந்தார். மெயின் ரோட்டில் முன்பே அளந்திருந்தேன். நான் சந்தில் முக்காலியை விரித்து அடுத்த அளவை எடுக்கத் தொடங்கியதும் பாயம்மா வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார்.

"எம்மகளுக்கு ஏழாம் மாசம் தம்பி. தலைப்பிரசவம். பழநியில கட்டிக் குடுத்திருக்கு. இங்க கூட்டியாரணும். டவருக்கு எதுத்தாப்புல இருக்கிற வீட்டுக்குப் புள்ளத்தாச்சியை அனுப்ப மாட்டோம்னு மாப்ள வீட்டுல நிக்கிறாக. போன தடவ வந்தப்ப சம்பந்தியம்மா மாடிக்குப் போயிப் பாத்துட்டாக, அதான் வெனை."

"அளந்து பாத்தா ஒண்ணும் இருக்காது பாயம்மா," என்றேன்.

"ஒண்ணுமில்லேன்னா ஒண்ணுமில்லேன்னு பேப்பர்ல வரட்டும். இருக்குன்னா இருக்குன்னு வரட்டும், எங்க அக்கா வீடு நத்தம் ரோட்டுல இருக்கு, அங்க வச்சு நான் பாத்துக்கிருவேன். எதுன்னாலும் சரி, எனக்குத் தெரிஞ்சாப் போதும். தலைப்பிரசவத்துக்கு ஒரு பொண்ணு தாய் வீட்டுக்கு வராம எங்க போவா, சொல்லுங்க."

இதைவிட நியாயமாக ஒருவர் பேச முடியாது. எந்த எண் வந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அன்று இருந்த எரிச்சலில் எனக்கு அது உறைக்கவில்லை. "டவரை விடுங்க பாயம்மா. மொதல்ல ஒங்க மக போன்ல எம்புட்டு நேரம் பேசுதுன்னு பாருங்க," என்றேன். பக்கத்து வீட்டு வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, "இந்த மிஷினு உள்ளதைச் சொல்லுமா தம்பி, இல்ல கம்பெனிக்காரவுகளுக்குத் தோதாச் சொல்லுமா?" என்று கேட்டார்.

கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. மருந்து வாங்குகிறவர் அட்டையைத் திருப்பித் தேதி பார்ப்பதைப் போலக் கேட்டார். எனக்கோ சுருக்கென்றது. பத்து வருட அனுபவத்தை ஒரு சந்து வாசலில் வைத்துச் சந்தேகப்பட்டுவிட்டார் என்று முகம் கடுத்துவிட்டது. "மாடியைக் காட்டுங்க, நேரமாச்சு," என்றேன்.

"மாடிச் சாவி குடித்தனக்காரவுக கிட்டல்ல இருக்கு. ரெண்டு பேரும் அடுத்த தெருவுல பிரியாணிக் கடையில வேலை செய்யிறாக. செத்த நேரம் நில்லுங்க தம்பி, ஓடிப்போயி வாங்கிட்டு வாரேன்," என்று செருப்பைக்கூட மாட்டாமல் போனார்.

அப்போது மேனேஜரிடமிருந்து போன் வந்தது. தொப்பம்பட்டி டவரை இன்றைக்கே முடித்தாக வேண்டும், எங்கே இருக்கிறாய் என்றார். கிளம்பிவிட்டேன் என்று சொன்னேன். சொன்ன பிறகு, சொன்னதை உண்மையாக்குவது எனக்குச் சுலபமாக இருந்தது. முக்காலியை மடக்கிப் பையில் கட்டினேன். மொத்தமாக இரண்டு நிமிடம் காத்திருந்திருப்பேன். ஒரு பந்துக்காகத் தினமும் ஆறு ஆறு நிமிடமாக நிற்கிறவன் நான்.

வண்டியைத் திருப்பியபோது பக்கக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். சந்து முனையில் திரும்பி, வெறுங்காலோடு வேகமாக வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் சாவியைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார், இன்னொரு கையில் எனக்காக வாங்கிய ரோஸ்மில்க் பாட்டில் இருந்தது. நான் பார்த்தேன். பார்க்காதவன் போல ஆக்சிலேட்டரைத் திருகினேன்.

தொப்பம்பட்டியில் ஒரு தென்னந்தோப்பு ஓரம் வண்டியை நிறுத்தி, சீட்டின்மேல் படிவத்தை வைத்துப் பேகம்பூர் வரிகளை நிரப்பினேன். சந்தில் எடுத்த அளவு, மெயின் ரோட்டில் எடுத்த அளவு. மொட்டை மாடி என்ற வரிக்கு வந்ததும் 'உரிமையாளர் அனுமதி மறுத்தார்' என்று எழுதினேன். எழுதும்போது கை நடுங்கியது என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. எழுதிவிட்டு இளநீர் குடித்தேன்.

மனுவுக்குப் பதில் போனது எனக்குத் தெரியாது. பதிலோடு என் படிவத்தின் நகலையும் வைத்து அனுப்புவார்கள் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் காலை, பாயம்மாவின் வீட்டுக்காரர் எங்கள் ஆபீசுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட கைலி, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தத் தாள். மேனேஜர் பக்கத்து மேசையில் இருந்தார்.

"தம்பி, எங்க மாடியில அளக்க நாங்க வேணாம்னு சொன்னதா இதுல இருக்கு," என்றார். குரலில் சண்டை இல்லை. "மனு குடுத்ததே நாங்கதான. சம்பந்தி வீட்டுல இதைப் படிச்சுட்டு, அளந்தா என்ன வருமோன்னு நீங்களே பயந்துதான தடுத்திருக்கீங்கன்னு கேக்குறாக. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. மனிதர் நிதானமாகக் கேட்கிறார், எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் மேனேஜரின் பேனா நின்றுவிட்டதை நான் கவனித்தேன். "ஒரு அம்மா வேணாம்னு சொன்னாங்க பாய். யாருன்னு எனக்குத் தெரியல," என்றேன்.

"எங்க வீட்டுல அவ ஒருத்திதான தம்பி."

"அப்ப மேல குடித்தனம் இருக்கவங்களா இருக்கும்."

"அவுக ரெண்டு பேரும் அந்நேரம் கடையில இருப்பாக."

நான் மேசையில் இருந்த ஏதோ ஒரு தாளைப் புரட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கும் ஒரு கை சோறாவது வேண்டும், என்னிடம் அதுவும் இல்லை. ஆனாலும் அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. "பயந்த சுபாவம் அவளுக்கு. சரி, நான் கேட்டுப் பாக்குறேன்," என்று எழுந்து போனார். ஒரு பொய் என் வாயிலிருந்து கிளம்பி, அவர் கூடவே அவர் வீட்டுக்குப் போனது.

அவர் தலை மறைந்ததும் மேனேஜர் என்னைப் பார்த்தார். "மனு வந்த எடத்துல இந்த வேலையெல்லாம் வச்சுக்காதய்யா. ரீசர்வே போட்டுரு," என்றார். அவருக்கும் புரிந்துவிட்டது. நான் திரும்ப அங்கே போனது மனசாட்சி குத்தியதால் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஆபீஸ் அனுப்பியதால் போனேன்.

இந்த முறை காலையிலேயே போனேன். சாவி தயாராக இருந்தது. பாயம்மா கதவைத் திறந்து, "வாங்க சார்," என்றார். முன்பு வாய்க்கு வாய் தம்பி என்று கூப்பிட்டவர். நான் ஒன்றும் கேட்காத மாதிரிப் படியேறினேன். குடித்தனக்காரர்கள் இருந்த முதல் மாடியைத் தாண்டினால் மொட்டை மாடி. நாலைந்து தண்ணீர் டிரம்கள், துணிக்கொடி, ஓரத்தில் தொட்டியில் கறிவேப்பிலை. எதிரே ஆன்டெனாக்கள் கண் மட்டத்தில் நின்றன. அளக்க வேண்டிய இடம் என்று பாடம் எடுக்க இதைவிடப் பொருத்தமான மாடி கிடைக்காது. முக்காலியை நிறுத்தி மீட்டரை ஓடவிட்டுவிட்டுத் தள்ளி வந்து நின்றேன். அவர் படிக்கட்டு வாசலில் நின்றார்.

"வேணாம்னு யாரோ ஒரு பொம்பள சொன்னதா நீங்க சொன்னீங்களாம் சார்," என்று ஆரம்பித்தார். "அவுக வந்து என்னையக் கேட்டாக. 'பயந்துக்கிட்டு வேணாம்னு சொல்லியிருந்தா சும்மா சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்'னு கேட்டாக. இல்லேன்னேன். மறுநாளும் கேட்டாக. முப்பது வருசத்துல ஒருக்காக்கூட அவுக என்னைய அப்படிக் கேட்டதில்ல." என் முகத்தைப் பார்த்து, "நான் சாவி வாங்கத்தான சார் போனேன்?" என்றார்.

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "மீட்டர் ஓடுது பாயம்மா, பேசக் கூடாது," என்றேன்.

மீட்டருக்குக் காது கிடையாது. பக்கத்தில் பேண்டு வாத்தியம் வாசித்தாலும் அதற்கு ஒன்றுதான். அவருக்கு அது எப்படித் தெரியும்? மகளுக்காக எடுக்கிற அளவு தன்னால் கெட்டுவிடக் கூடாது என்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நடுவில் அவருக்கு இருமல் வந்தது. தலைப்பை வாய்க்குள் அழுத்தி, கண்ணில் நீர் வர, சத்தம் வராமல் இருமினார். நான் அதைப் பார்த்துக்கொண்டே மிச்ச நிமிடங்களை நின்று கழித்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களை வரிசைப்படுத்தினால், நினைக்கும்போதே உடம்பு கூசுவது இதற்குத்தான்.

அளவு வந்தது. வரம்பில் நூறில் ஒரு பங்கைக்கூட அது தொடவில்லை. மீட்டரைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன்.

"அப்ப ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமில்ல பாயம்மா. மகளைத் தாராளமா கூட்டியாங்க."

"அன்னைக்கே அளந்திருந்தாலும் இதுதான வந்திருக்கும்?"

"இதுதான் வந்திருக்கும்," என்றேன். அவர் கீழே இறங்கிப் போனார்.

இப்போது திருத்திய அறிக்கை எழுத வேண்டும். முன்பு விட்டுப்போனதை ஏன் இப்போது அளந்தாய் என்பதற்கு ஒரு கட்டம். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதற்கென்று தயாராக வாசகம் இருக்கிறது: 'முன்னர் மறுக்கப்பட்ட அனுமதி பின்னர் பெறப்பட்டது.' அதை அழித்துவிட்டு 'முன்னர் அளக்கப்படவில்லை' என்று மட்டும் போட்டிருக்கலாம். என் பெயர்கூட அதில் வந்திருக்காது. ஆனால் அப்படிப் போட்டால் முதல் அறிக்கையில் இருப்பது என்ன என்று ஒருவர் கேட்பார், அதற்கு ஒரு பதில் தயார் செய்ய வேண்டும். இரண்டு வரியும் ஒத்துப்போவதுதான் எனக்குப் பாதுகாப்பு. தயாராக இருந்த வாசகத்தையே விட்டு அனுப்பினேன். எண் சரியாகத்தானே இருக்கிறது, எண்ணைத்தானே அவர்கள் பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அதன்பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கம் வேலை வரவில்லை. எண் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது, மகளும் வந்திருப்பாள் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். விசாரித்துத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆடி மாதம், பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் பாயைப் பார்த்தேன். நான் ஒதுங்குவதற்குள் அவர் என்னைப் பார்த்துவிட்டார். கையில் இருந்த பெட்டியைத் திறந்து நீட்டினார். "எடுத்துக்கங்க தம்பி. பேத்தி பொறந்திருக்கா." ஒரு துண்டு மைசூர்பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, மகள் இங்கேதானே இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இல்ல தம்பி, பழநியிலதான் பொறந்துச்சு. அனுப்பலை. ரெண்டாவதா வந்த பேப்பரைக் காட்டினோம். 'மொதல்ல மறுத்திருக்கீங்க, பெறகு யாரையோ சரிக்கட்டி எழுதி வாங்கியிருக்கீங்க, நாங்க எப்படி நம்புறது'ன்னுட்டாக. வலி வந்ததும் போன் பண்ணினாக, பஸ்ஸப் புடிச்சு ரெண்டு பேரும் ஓடினோம். ஆஸ்பத்திரி வராண்டாவுல விருந்தாளி மாதிரி எங்க வீட்டுக்காரிய உக்கார வச்சுட்டாக. உள்ள சம்பந்தியம்மாதான் இருந்தாக."

எனக்கு அது போதாதென்று அவர் என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "ஒங்களுக்கும் ரெண்டு தடவ வீண் அலைச்சல். தப்பா எடுத்துக்கிறாதீங்க தம்பி. அவ அன்னைக்குப் பயத்துல என்னமோ சொல்லிட்டு, இப்ப இல்லவே இல்லேங்கிறா. நானும் கேக்குறதை விட்டுட்டேன். என்ன செய்ய, பொம்பளைக."

பொண்டாட்டிக்காக அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்! பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. டீக்கடையில் நாலு பேர் நின்றார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, என் மனைவியிடம் முதன்முறையாக முழுவதையும் சொன்னேன். அவள் தலைப்பிரசவத்துக்குத் தாடிக்கொம்பில் உள்ள தன் அம்மா வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் இருந்தவள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான் நடந்ததை எழுதி அவளிடம் காட்டியபோது, "இதை ஆபீஸ்ல குடுக்கப் போறீகளா, அவுக வீட்டுல குடுக்கப் போறீகளா?" என்று கேட்டாள்.

"அவுக வீட்டுல."

"அப்ப பாதிதான்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் சொன்னது உண்மை. இன்றுவரை ஆபீஸில் அந்தத் தாளை நான் கொடுக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான், வேறு காரணம் எதுவும் இல்லை. அந்த இரண்டு அறிக்கைகளும் அந்த வாசகங்களோடு எங்கோ ஒரு கோப்பில் இன்னும் இருக்கின்றன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேகம்பூருக்குப் போனேன். இருவரும் வீட்டில் இருந்தார்கள். பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், பாயம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மீட்டர் இல்லாமல் வந்த என்னைப் பார்த்து இருவருக்கும் ஆச்சரியம். உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே தாளைப் பாயம்மாவிடம் நீட்டினேன்.

"என்ன சார் இது?"

"அன்னைக்கு நடந்ததை எழுதியிருக்கேன் பாயம்மா. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அவர் கை நீட்டவில்லை. கீரையிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. "எழுதுனது நீங்கதான? நீங்களே படிங்க," என்றார்.

படிப்பேன் என்று நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் வந்திருந்தேன். எழுதும்போது சரளமாக வந்த வரிகள் வாயால் சொல்லும்போது ஒவ்வொன்றாகத் தடுக்கின. இந்த வீட்டு அம்மா அனுமதி மறுக்கவில்லை. சாவி வாங்கி வருகிறேன், நில்லுங்கள் என்றுதான் சொன்னார்கள். சாவியோடு திரும்பி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் நிற்காமல் போனேன். மறுத்தார்கள் என்று நான் எழுதியது பொய். ஆபீசுக்கு வந்த அவருடைய வீட்டுக்காரரிடம் நான் சொன்னதும் பொய். இரண்டாவது அறிக்கையில் எழுதியதும் பொய்.

படித்து முடித்து நிமிர்ந்தேன். பாய் நாற்காலியில் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாயம்மா என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பழநிக்குக் கொண்டுபோயிக் காட்டுங்க பாயம்மா. வேணும்னா நானே நேர்ல வந்து சொல்றேன்," என்றேன்.

"அங்க எதுக்கு சார்? தலைப்பிரசவம் ஒருக்காத்தான். அது முடிஞ்சுபோச்சு," என்றார். குரல் உயரவில்லை. கண் வீட்டுக்காரர்மேலேயே இருந்தது. "இன்னொருக்காப் படிங்க. அவுகளுக்குச் சரியாக் கேட்டிருக்காது."

"கேட்டுச்சு," என்றார் பாய், தலையைத் தூக்காமல்.

"நீங்க படிங்க சார்," என்றார் பாயம்மா.

நான் முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன்.